கங்காணி வீட்டுக் காவல்

பெரிய கங்காணி வீரபத்திரன் வீட்டில் திருடன் நுழைந்ததே இல்லை. ஆனாலும் திருடனைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தத் திருடனுக்கே தன்னைப் பற்றித் தெரிந்திருக்காது. அவன் எந்தப் பக்கமாக வருவான், எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பான், பெட்டியைத் தலையில் தூக்குவானா தோளில் தூக்குவானா என்பதையெல்லாம் அவர் சாப்பிட உட்காரும்போது விளக்கிச் சொல்லுவார். மனைவி நாகலெட்சுமி ரசம் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே குருந்துமலைத் தோட்டத்திலும் குறைத்தார்கள். யாரைக் குறைப்பது என்று துரை கேட்பார், கங்காணி சொல்லுவார், பேர் வெட்டப்படும். அப்படிப் பேர் வெட்டுப்பட்டவர்கள் எல்லாரும் அன்று மாலையே தன் வீட்டைக் குறிவைத்துவிட்டார்கள் என்பது வீரபத்திரனின் நம்பிக்கை. அதில் முதல் ஆள் அழகன். கங்காணியின் சண்டைச் சேவல் ஒருநாள் காணாமல் போயிற்று. நரி தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நரிக்குப் பேர் கிடையாது, வெட்ட முடியாது. அழகனுக்குப் பேர் இருந்தது.

அழகன் போக்கிடம் இல்லாமல் சின்னம்மா காளியாயியின் லயத்துக் காம்பிராவில், கூலியாட்களின் வரிசை வீட்டு ஒற்றை அறையில், ஒண்டிக்கொண்டான். காளியாயிதான் தோட்டத்து மருத்துவச்சி. கொழுந்து எடுக்கப் போவாள். யாருக்காவது வலி வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருவாள்.

இந்த நிலையில்தான் கங்காணியின் ஒரே மகள் மனோரஞ்சிதம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். அவளைப் பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்த கையோடு நகைப்பெட்டியும் அவளோடு வந்தது. அன்றிலிருந்து கங்காணிக்குத் தூக்கம் போயிற்று. நாகலெட்சுமிக்கும் போயிற்று. ஆனால் அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார். அவள் மகளைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள்.

நாகலெட்சுமியின் அக்காள் அன்னம்மா முதல் பிள்ளையோடு போனவள். மருத்துவச்சி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது நாகலெட்சுமி பாவாடை கட்டும் வயது. அக்காள் ஏன் கூப்பிட்டுக்கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள் என்று அவளுக்கு அன்று புரியவில்லை. இன்று புரிந்தது. அதனால் அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் காளியாயி வந்துவிட வேண்டும். வீட்டின் பின்கதவைத் திறந்து நின்று குரல் கொடுத்தால் கீழ் லயத்துக்குக் கேட்கும். அந்தக் கதவு இருக்கும்வரை பயமில்லை என்று இருந்தாள்.

கங்காணி முதலில் அந்தக் கதவைத்தான் அடைத்தார். கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செங்கல்லும் மண்ணும் வைத்துச் சுவரே எழுப்பிவிட்டார்.

"ஏங்க, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல வழிய அடைக்கலாமா?"

"திருடன் பின்னால வருவானா, முன்னால வருவானா? யோசிச்சுப் பேசு."

"காளியாயி பின்னாலதான வருவா."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் கங்காணி.

அடுத்து ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டார். அதற்கடுத்து, அட்டன் கடையில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு சீமைப் பூட்டு வாங்கி வந்தார். அதை முன்கதவில் வெளிப்பக்கமாகப் போட்டார். வெளியே போகும்போது பூட்டிவிட்டுச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். உள்ளே மனைவியும் மகளும் இருப்பார்கள்.

"உள்ள ஆளு இருக்கும்போது யாராச்சும் வெளிய பூட்டுவாங்களா?" என்று மனோரஞ்சிதம் அழாத குறையாகக் கேட்டாள்.

"பொம்பளைங்க மனசு எளகின மனசு. 'அக்கா, கொஞ்சம் உப்பு குடுங்க'ன்னு ஒருத்தன் வந்து நின்னா தொறந்துருவீங்க. தொறக்கவே முடியலைன்னா? அவன் என்ன செய்வான்?"

"நாங்க கொல்லைக்குப் போகணும்னா?"

"நான் இருக்கும்போதே போயிட்டு வந்துருங்க."

துரை பங்களாவுக்குக்கூட இவ்வளவு காவல் இல்லை என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக் கங்காணிக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் திருப்தி வரவில்லை. றொசல்ல ரயில் பாதையோரம் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கிவரச் செய்து, அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டார். திருடன் வந்தால் நாகலெட்சுமி அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும்.

"அடிச்சா லயத்து ஆளுங்க ஓடி வருவாங்களா?" அந்த ஏற்பாடு ஒன்றுதான் நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"இங்க எதுக்கு வரணும்? திருடனே அவனுங்கள்ல ஒருத்தன்தானே. கூட்டத்தோட கூட்டமா வந்து, 'எங்க திருடன், எங்க திருடன்'னு அவனும் தேடுவான். எனக்குத் தெரியாதா?"

அதனால் அவர் ஒரு சட்டம் போட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணி அனுப்பும் அந்த மைதானத்தில், தன் ஆட்கள் எல்லாரும் கேட்க அதை அறிவித்தார். கங்காணி வீட்டுத் தண்டவாளச் சத்தம் கேட்டால் யாரும் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. மலையிலிருந்தாலும் லயத்திலிருந்தாலும் நேரே பெரட்டுக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். சில்லறைக் கங்காணி நல்லமுத்து தலை எண்ணுவான். எந்தத் தலை இல்லையோ அந்தத் தலைதான் திருடன். பெரிய கங்காணி வந்து கலைக்கும்வரை ஒருத்தரும் அசையக்கூடாது.

இதைச் சொல்லி முடித்ததும் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு மீசையைத் தடவினார். பரீட்சை பார்க்க அன்றைக்கே ஒருமுறை அடிக்கவும் செய்தார். எல்லாரும் ஓடி வந்தார்கள், வீரய்யா ஒருவனைத் தவிர. அவன் வயிற்றுப்போக்கோடு தண்ணீர்ப் பீலிக்கரைப் புதரில் உட்கார்ந்திருந்தான். அவனை அங்கிருந்தே இழுத்து வந்தார்கள். நடக்கவே நடக்காத திருட்டுக்கு அவன் காம்பிராவைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். அன்றைய பேரும் வெட்டப்பட்டு, ஒருநாள் கூலி போயிற்று. அதற்குப் பிறகு தண்டவாளச் சட்டத்தை யாருக்கும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்திரை மாதம். துரை குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியா போயிருந்தார். கங்காணியும் காலை ரயிலில் அட்டனுக்குக் கிளம்பினார். சீமைப் பூட்டுக்குத் துணையாக இன்னொரு பூட்டு வாங்க வேண்டுமாம்.

"இன்னிக்குப் போகாதீங்க. புள்ளைக்கு இடுப்பு கடுக்குதுன்னு சொல்றா" என்றாள் நாகலெட்சுமி.

"இன்னும் நாள் இருக்கு."

"சாவியாச்சும் வச்சிட்டுப் போங்க."

கங்காணி அவளை இரக்கத்தோடு பார்த்தார். பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் அது என்ன பூட்டு என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ரயில் ஊதிய சத்தம் ஓய்வதற்குள் மனோரஞ்சிதத்துக்கு வலி எடுத்துவிட்டது. நாகலெட்சுமி அவளை அடுப்படிக்குக் கொண்டுவந்து கணகணப்பில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காளியாயி! காளியாயி!" என்று கத்தினாள். பின்கதவு இருந்த இடத்தில் நின்று கத்தினாள்; சத்தம் செங்கல்லில் மோதி அவளிடமே திரும்பியது. முன்கதவை அசைத்துப் பார்த்தாள். அது நல்ல பூட்டு.

"அம்மா, என்னால முடியலம்மா."

நாகலெட்சுமி இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தாள்.

மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கூடைகளோடு ஓடினார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர்கள் கத்தியோடு ஓடினார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த நாகலெட்சுமிக்கு உயிர் வந்தது. ஆனால் அவ்வளவு பேரும் வீட்டுக்கு வரும் பாதையைக் கடந்து நேரே பெரட்டுக்கு ஓடினார்கள். போகிற போக்கில் ஒருத்தர்கூட வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் ஏன் திருப்பினாய் என்று கேள்வி வரும்.

அவள் இன்னும் வேகமாக அடித்தாள். அவள் அடிக்க அடிக்க அவர்கள் வரிசையை நேராக்கிக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். நல்லமுத்து எண்ணினான். ஒரு தலையும் குறையவில்லை. மறுபடி எண்ணினான். திருடன் இல்லாமல் இவ்வளவு சத்தம் வரலாமா என்று அவனுக்கே கோபம் வந்தது.

அந்தத் தோட்டத்தில் அன்று எண்ணப்படாத தலை ஒன்றே ஒன்றுதான். பேர் வெட்டுப்பட்டவனை எந்த வரிசையில் நிறுத்துவது? அழகன் லயத்து வாசலில் குந்திக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். நிற்காமல் அடிக்கும் சத்தம் அவனுக்கு என்னவோபோல் இருந்தது. ஏற்கனவே திருடன் என்று பேர் வாங்கியாயிற்று. இனிமேல் போனால் புதிதாக என்ன ஆகிவிடப் போகிறது என்று எழுந்து போனான்.

ஜன்னலில் அவன் முகத்தைப் பார்த்ததும் நாகலெட்சுமி கம்பியைக் கீழே போட்டாள்.

"அழகா! புள்ளைக்கு வலி வந்திருச்சுடா. ஒஞ் சின்னம்மாவைக் கூட்டிட்டு வா. ஓடு!"

அழகன் பெரட்டுக்கு ஓடி, தூரத்தில் நின்றபடியே கத்தினான். "சின்னம்மா! கங்காணியம்மா மகளுக்கு வலியாம்!"

காளியாயி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். நல்லமுத்து குறுக்கே கையை நீட்டினான்.

"ஏ காளியாயி! வரிசைய விட்டுப் போனா நீதான் திருடி. சட்டம் தெரியுமில்ல?"

"சரி, நாந்தான் திருடி. எண்ணிக்கோ."

"பெரிய கங்காணி வந்து கேட்டா என்னா சொல்ல?"

"அவரு பேரப்புள்ளயத் திருடப் போயிருக்கேன்னு சொல்லுடா, முண்டம்! நீ பொறந்தப்ப ஒங்காத்தா வீட்டுக் கதவும் இப்படிப் பூட்டியிருந்தா, இன்னிக்கு இங்க எண்ணுறதுக்கு வேற ஆள்தான் தேடணும்."

வரிசை சிரித்தது. ஆனாலும் அசையவில்லை.

முன்பூட்டை அழகன் ஒரு பார்வை பார்த்தான். அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கொல்லையில் கிடந்த அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் செங்கல் சுவரில் இறக்கினான். மழையில் ஊறிய மண் சீக்கிரமே இளகியது. முதல் கல் உள்ளே விழுந்தபோது, நாகலெட்சுமி உள்பக்கத்திலிருந்து வெறுங்கையாலேயே கற்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். காளியாயி நுழையும் அளவுக்கு வழி வந்ததும் அழகன் அலவாங்கைப் போட்டுவிட்டு விலகிப் போய் வாழை மரத்தடியில் நின்றான்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று காளியாயி சொல்லத் தொடங்கி, நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பெண் குழந்தை. அழுதது. மனோரஞ்சிதம் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

மாலை ரயிலில் வீரபத்திரன் குடையும் புதுப்பூட்டுமாக வந்து இறங்கினார். மேலே ஏறி வந்தவர், பெரட்டில் ஆண்களும் பெண்களும் நனைந்த காக்கைகளாக வரிசை குலையாமல் நிற்பதைப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"யாருடா காணோம்?"

"காளியாயி மட்டுந்தாங்க" என்றான் நல்லமுத்து.

"காளியாயியா? நான் நெனச்சேன்!"

"சொல்லிட்டுத்தாங்க போனா."

"சொல்லிட்டே போயிருக்காளா? எம்புட்டுத் திமிரு!"

அவர் முன்னே ஓட, தோட்டமே பின்னே ஓடியது. அவர் பூட்டைப் பார்த்தார், பத்திரமாக இருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தார். கதவு திறக்கவில்லை. உள்ளே அவரே பொருத்தியிருந்த இரும்புத் தாழ்ப்பாளை நாகலெட்சுமி போட்டிருந்தாள். பின்பக்கம் ஓடினார். சுவர் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. ஓட்டையில் காளியாயி காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ளப் பெத்த எடம். ஆம்பள வரக்கூடாதுங்க" என்றாள்.

கங்காணி மறுபடி முன்பக்கம் வந்தார். மழையில், திறந்த பூட்டும் கையுமாக, தன் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் நின்றார். ஜன்னலில் நாகலெட்சுமி வந்தாள்.

"திருடன் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தான். ஒண்ண வச்சிட்டுப் போயிருக்கான். பேத்தி."

"செவுர ஒடைச்சது யாரு?"

"அழகன்."

"அவன இன்னிக்கே பொலிசுல..."

"குடுங்க. நானும் வாரேன். கூப்பிட்டது நானு, கல்லு பிடுங்கினது நானு, எல்லாத்தையும் அங்கயே சொல்றேன். பூட்டினது யாருன்னும் சொல்றேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று கங்காணிக்கும் தெரிந்தது.

"சரி, கதவத் தொற. புள்ளையப் பாக்கணும்."

"அழகன் பேரக் கூப்பிடுங்க. தொறக்கிறேன்."

"நாளைக்குப் பெரட்டுல பாக்கலாம்டி."

"எல்லாரும் இங்கதான நிக்கிறாங்க. இப்பவே கூப்பிடுங்க."

"அவன் எஞ் சேவல..."

"அப்ப சேவலப் பாத்துக்கிட்டு அங்கயே நில்லுங்க."

ஜன்னல் பலகை சாத்தப்பட்டது. மழை வலுத்தது. குடையைப் பெரட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். அவருடைய ஆட்களுக்குக் கம்பளி இருந்தது. அவருக்கு அட்டன் போய்வந்த கோட்டு மட்டும்தான் இருந்தது. ஒருத்தர்கூடக் கம்பளியில் இடம் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, துரை பக்கத்தில் நிற்கும்போது கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"அழகன்!"

வாழை மரத்தடியிலிருந்து பதில் வந்தது. "இருக்கேங்க."

"நாளைக்கு வேலைக்கு வா."

தாழ்ப்பாள் விலகியது. நாகலெட்சுமி வாசற்படியைத் தாண்டாமல், பழஞ்சேலையில் சுற்றிய குழந்தையோடு நின்றாள். விரல் நுனிகளில் செங்கல் கீறிய ரத்தம் இன்னும் காயவில்லை. கங்காணி குனிந்து பார்த்தார். அவர் கண்ணில்கூட ஏதோ பளபளத்தது. மழைதான் என்று சொல்லவும் இடமிருந்தது. பிறகு இன்னும் கிட்டக் குனிந்து, குழந்தையின் காதைப் பார்த்தார்.

"தோடு செய்யும்போது திருகாணிய நல்லா எறுக்கமா வைக்கச் சொல்லணும்" என்றார் தணிந்த குரலில். "இப்பவே எவனாச்சும் கண்ணு வச்சிருப்பான்."

நாகலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள்.  உள்ளே மனோரஞ்சிதம் பசிக்கிறது என்று கூப்பிட்டாள். நாகலெட்சுமி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க உள்ளே போனாள்.