பக்கத்து இருக்கைக்கு எட்டும் லீவர்

கியர்பாக்ஸ் என்பது இஞ்சின் பிறப்பிக்கும் ஆற்றலைச் சக்கரங்களின் தேவைக்கேற்பப் பிரித்து வழங்கும் பெட்டியாகும். இஞ்சின் எத்துணை வலிமை உடையதாயினும், அதற்கு இசைந்த பெட்டி வாய்க்காவிடில் அவ்வலிமை முழுவதும் விழலுக்கு இறைத்த நீரே. இதனை நான் நன்கு அறிவேன். அறிந்திருந்தும், என் காருக்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுக்க இயலாமல் ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தேன்.

நான் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன். ஒரு பொத்தானை அழுத்தினால் மேலே செல்வதும் மற்றொன்றை அழுத்தினால் கீழே வருவதுமே அவற்றின் வாழ்க்கை. ஆகவே மாலைப் பொழுதுகளில், கையும் காலும் ஒத்துழைத்தாலன்றி நகராத ஒன்றை என் மனம் நாடியது. மனைவி மறைந்து, மகளும் பணியின் பொருட்டு வேறு நகரம் சென்றுவிட்ட பின், வீட்டில் ஒலிப்பவை குளிர்பதனப் பெட்டியும் என் இருமலும் மட்டுமே. மகள் பிறப்பதற்கு முன் வாங்கிய இரண்டு கதவுக் காரின் பழைய இஞ்சினைக் கழற்றி, அதனினும் இரு மடங்கு வலிமையுள்ள ஒன்றை என் கைகளாலேயே கோத்து உள்ளே அமர்த்தினேன். பழைய கியர்பாக்ஸ் அதனைத் தாங்காது என்பதால் அதுவும் கழன்றது. மாற்றுப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

கியர்பாக்ஸ் வேலைக்கென்றே பட்டறை வைத்திருந்தவரைப் பல்லண்ணன் என்று அழைப்பர். பற்சக்கரங்களோடு வாழ்வதால் அப்பெயர் வந்தது என்பார் அவர். மேல்வரிசையில் முன்பல் இல்லாததால் வந்தது என்பர் பிறர். அவருடைய மேசையின் மீது இரண்டு பெட்டிகள் அருகருகே கிடந்தன. ஐந்து கியர் உள்ளது சிறியது. ஆறு கியர் உள்ளது பெரியது.

“சின்னத மாட்டுனா யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்ணே. ஒரு நாள் ஆசையா முழுசா மிதிச்சீங்கன்னு வைங்க, பல்லு மொத்தமும் கொட்டிரும். உங்க பல்லு இல்ல, அதோட பல்லு.”

“பெரிசு தாங்குமா?”

“அது ராஜா. இன்னொரு இஞ்சினையும் சேத்துத் தாங்கும். ஆனா ராஜாவுக்கு எடம் வேணுமே. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஓடுற மேட்டை வெட்டி அகலமாக்கணும். பக்கத்து சீட்டக் கழட்டிடணும். லீவரும் உங்க இடுப்புக்கிட்ட பின்னாடி வந்துரும்.”

“சீட்டு இல்லாம எப்படிண்ணே?”

“யாரு உக்காரப் போறா? ஆளச் சொல்லுங்க, அவங்க எடைக்கு ஏத்த ஸ்பிரிங்கா போட்டுத் தரேன்” என்றார் அவர்.

அவர் கேலியாகவே கேட்டார். நானோ சன்னல் வழியே, பட்டறை வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தியிருந்த காரைப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையின் உறை வெளிறி, ஓரம் கிழிந்திருந்தது. பக்கத்து இருக்கையோ, பல ஆண்டுகளாக யாரும் அமராததால், கடையில் வைத்த பொருளைப் போல இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“நல்லா யோசிங்க. பொண்ணு பாக்குறவங்க கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க!”

மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு ஞாயிறு மாலை மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்னப்பா, இன்னும் அந்த டப்பாவத்தான் நோண்டிக்கிட்டு இருக்கீங்களா?”

“டப்பா இல்லம்மா. இப்ப அது புலி.”

“புலிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?”

இரண்டு பெட்டிகளின் குணங்களையும் அவளுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். இருக்கையைப் பற்றி மட்டும் கூறவில்லை. கூறியிருந்தால் அது கியர்பாக்ஸைப் பற்றிய கேள்வியாக இருந்திராது.

“பேசாம ஆட்டோமேட்டிக் போடுங்கப்பா, உங்க முட்டிக்கு நல்லது. நானே இப்ப அதான் ஓட்டுறேன். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்ல, மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சும்மா உக்காந்திருக்கு.”

நான் சிரித்தேன். அவள் பக்கத்தில் யாரோ விசைப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது.

“ஏம்ப்பா, அந்த மூணாவது இன்னும் முட்டுதா?”

அவள் சிறுமியாயிருந்த நாளில், கிளட்சை மிதிப்பது என் பங்கு. லீவரை நகர்த்துவது அவள் பங்கு. நான் மிதித்துக்கொண்டு “ம்” என்பேன். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் தள்ளுவாள். இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்லும்போது லீவர் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். உதட்டைக் கடித்தபடி இரு கைகளாலும் அவள் அதனை உள்ளே செலுத்துவாள்.

“கடைசி வரைக்கும் முட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பெட்டியக் கழட்டியாச்சு” என்றேன்.

“ஐயோ, கழட்டிட்டீங்களா?”

“நீ எப்ப வர்ற?”

“வரேன்ப்பா. பாக்கலாம். இங்க வேலை கழுத்தப் புடிக்குது.”

“பாக்கலாம்” என்பது வருவதற்கும் வராததற்கும் நடுவே, எந்தக் கியரிலும் இல்லாத சொல்லாகும். ஆயினும் ‘ஐயோ’ என்று அவள் கூறியது நெடுநேரம் என் காதில் நின்றது.

மறுநாள் பல்லண்ணனிடம் சிறிய பெட்டியைக் காட்டினேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? இஞ்சினோட கழுத்த நெரிச்சு, பாதி பலத்தக் குறைச்சாத்தான் இது பொழைக்கும். அப்புறம் எதுக்குண்ணே அவ்வளவு பெரிய இஞ்சின்?”

“குறைச்சிடுங்க.”

“புலிக்கு வாய்ப்பூட்டு போடுறீங்க.”

“சீட்டு இருக்கட்டும்ணே. லீவரும் பழைய எடத்துலயே இருக்கட்டும். பக்கத்துல உக்கார்றவங்க கைக்கு எட்டணும்.”

அவர் என்னை ஏறிட்டு நோக்கினார். அதன்பின் அன்று முழுவதும் அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

வேலை நிறைவுற்ற நாளில், வெள்ளோட்டத்திற்கு உடன் வருமாறு அவரை அழைத்தேன். கையைத் துணியில் துடைத்தவாறு அவர் பின்வாங்கினார்.

“எனக்காகவா இவ்வளவு பெரிய இஞ்சினைக் குறைச்சீங்க? போயிட்டு வாங்க. அது வேற ஆளோட சீட்டு.”

தனியே புறப்பட்டேன். தெருவில் மழை விட்டிருந்தது. முதல் கியர், இரண்டாம் கியர். நெரிக்கப்பட்ட நிலையிலும் இஞ்சின் என் முதுகை இருக்கையோடு அழுத்தியது. பாலத்தின் ஏற்றத்தில் கிளட்சை மிதித்து, “ம்” என்றேன்.

லீவரைத் தள்ளப் பக்கத்து இருக்கையிலிருந்து எந்தக் கையும் வரவில்லை. இஞ்சினின் ஒலி தாழ்ந்தது. கார் தன் வேகத்தை இழக்கத் தொடங்கியது. பின்னால் வந்த வண்டி நீளமாக ஒலி எழுப்பியது. பக்கத்து இருக்கையின் மீது தெருவிளக்குக் கம்பங்களின் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. மிதித்த காலை எடுக்காமல், என் கையாலேயே லீவரை நகர்த்தினேன்.

மூன்றாவது கியர் எங்கும் முட்டாமல் உள்ளே சென்றது. இதனை அவளிடம் கூறலாமா, வேண்டாமா என்று எண்ணியவாறு பாலத்தைக் கடந்தேன்.