நாலாவது இன்ஜெக்டர்

லாரிக்காரருக்கு ஒரே ஒரு பெருமைதான். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஊரே பேசும். ஊர் பேசுவது பழைய கதை. இரண்டு வருடமாக அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, வலது காது அரைகுறை. இதை யாரிடமும், முக்கியமாக மனைவியிடம், அவர் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். ஸ்டியரிங் போனால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறது.

போன வாரம் லாரி வாசலில் வந்து நின்றபோது, உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்த மனைவிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"என்னங்க, வண்டி இருமுது."

அவருக்குத் தெரிந்தது கறுப்புப் புகை மட்டும்தான். "தெரியும், தெரியும்" என்று சமாளித்துவிட்டு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஆறும் புதிதாக வாங்கி வந்தார். வழக்கமான மெக்கானிக் வெளியூர் போயிருந்தார். இன்ஜெக்டரை இழுத்துக் கழற்றும் கருவி அவருடைய ஷெட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை லோடு ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை லாரிக்காரர் தானே பானட்டைத் தூக்கிவிட்டார்.

முந்தின நாளே இன்ஜெக்டர்களைச் சுற்றி டீசல் ஊற்றி ஊற வைத்திருந்தார். பிரஷ்ஷால் தூசியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த இடத்தில் புதியதைப் பூட்டினார். முதல் மூன்றும் ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் அசைத்ததில் வந்துவிட்டன. இரண்டாவதன் செம்பு வாஷர் மட்டும் குழிக்குள்ளேயே தங்கிவிட, சைக்கிள் கம்பியை வளைத்து அதையும் தூண்டில் போட்டு எடுத்தார். நாலாவது உடும்புப் பிடியாக உட்கார்ந்துகொண்டது. கடப்பாரைக்கும் அசையவில்லை.

"சரி, இதுக்கு வேற வழி இருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார். "இதைப் பிடிச்சிருக்கிற நட்டை ரெண்டு சுத்து தளர்த்திருக்கேன். எஞ்சின் சுத்தினா உள்ள இருக்கிற காத்தே இதை மேல தள்ளிடும். எஞ்சினுக்கு டீசல் போகாம நீ ஸ்டாப் கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பு. புஸ்ஸுன்னு சத்தம் வந்ததும் கையைத் தூக்குவேன், விட்டுடு. கரி கண்ணுல அடிக்கும், அதனால திரும்பித்தான் நிப்பேன்."

"பார்க்காம எப்படித் தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு?"

வலது காது இதற்காவது உதவும் என்று அந்த மனிதர் நம்பத்தான் செய்தார், பாவம்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகிக்கொண்டு சுற்றியது. நாலைந்து சுற்றிலேயே புஸ், புஸ் என்று சீறல் கிளம்பியது. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். கை மட்கார்டின்மேல் தயாராக இருந்தது, எழவில்லை. சீறல் பலத்தது. மதில்மேல் படுத்திருந்த பூனைகூட எழுந்து ஓடிவிட்டது. "என்னங்க" என்று கத்திப் பார்த்தாள். அவர் கொடியில் காயும் துணியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சாவியை விட்டுவிட்டாள்.

மட்கார்டின் அதிர்வு நின்றதும் அவர் திரும்பினார். "யாரு நிறுத்தச் சொன்னது? இன்னும் வரலையே."

அவள் இறங்கி வந்து விரலால் காட்டினாள். இன்ஜெக்டர் நட்டு விட்ட அளவுக்கு மேலெழும்பி நின்றது. சுற்றிலும் கரி தெறித்திருந்தது.

"அப்பவே வந்திருச்சு" என்றாள்.

அவர் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் காது?"

"இடது. வலதும் இப்ப சரியில்ல."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் பேசறதைக் காதுல வாங்கறதே இல்லைன்னு ரெண்டு வருஷமா உங்க மேல கோவமா இருந்தேன். பேச்சையே குறைச்சுக்கிட்டேன்."

அவர் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தனக்குக் கேட்காததால்தான் வீடு அமைதியாகத் தெரிகிறது என்று எண்ணியிருந்தார். ஸ்டியரிங்கை இழப்பதைவிட இது அதிகமாக வலித்தது.

அவள் சுற்றி வந்து அவருக்கு வலது பக்கமாக நின்றுகொண்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். மீதி இரண்டும் அதே முறையில் கழன்றன. கையைத் தூக்கும் வேலை இப்போது அவளுடையது. சாவி அவர் கையில்.

மதியத்துக்குள் பைப்புகளில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி நட்டுகளை முறுக்கி முடித்தார். எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகை வெளுத்து, பிறகு இல்லாமலே போனது. பைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஆறும் விரலுக்கடியில் துடித்தன. ஆனாலும் திருப்தி வரவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எப்படி ஓடுது?"

லாரி ஓட்டிய இருபத்திரண்டு வருடத்தில் அவர் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அவள் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டாள். அவர் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரே சீரா ஓடுது. இருமலே இல்ல."

அவர் எஞ்சினை அணைத்தார். சாவியையும் சட்டைப் பையிலிருந்த போனையும் சேர்த்து அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கு லோடு எடுக்க முடியாது, காது டாக்டரைப் பார்க்கணும்னு லோடுக்காரர்கிட்ட சொல்லிடு. நீயே பேசு. போன்ல அவர் சொல்றது எனக்குக் கேக்கறதில்ல."