அலைக்கு வெளியே நின்னவரு

என்னக் கெட்டின மாப்பிள்ள ஆபேலுக்கு நீந்தத் தெரிஞ்ச அளவுக்குப் பிழைக்கத் தெரியாது. இத அவருக்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்.

குழித்துறை ஆத்துல ஜெயிச்சாரு. கொல்லத்துக் காயல்ல ஜெயிச்சாரு. கொச்சியில கப்பல்காரங்களோட நீந்தி ரெண்டாவதா வந்தாரு. வீட்டுல கப்புகளா கெடக்கு. பெரிய கப்புல நான் உப்பு போட்டு வச்சிருக்கேன். பின்ன வேற எதுக்கு ஆகும் அது?

ஐம்பத்து மூணாம் வருசம், குளச்சல்ல இருந்து எங்க முட்டம் வரைக்கும் கடல் நீச்சல் போட்டி வச்சாங்க. முதல்ல வாறவனுக்கு கொச்சித் துறைமுகத்துல கரைவேலை. முப்பது தாண்டினா அடுத்த தடவ சேக்க மாட்டாங்க, இவருக்கு அப்பவே முப்பது. சம்பளத்துக்காக நான் ஆசப்படல. எனக்க அப்பா, வீட்டுக் கூரை கண்ணுல படுற தூரத்துல, கட்டுமரம் அலையில கவுந்து மறிஞ்சு செத்தவரு. கெட்டினவராவது கட்டுமரத்த விட்டு எறங்கட்டும்னு மாதாவுக்கு மெழுகுதிரி நேந்துக்கிட்டேன்.

அன்னைக்குக் கடப்புறம் முழுக்க ஆளு. தூரத்துல முதல்ல தெரிஞ்சது இவருக்க தலதான். ரொம்பப் பின்னால மார்த்தாண்டத்துக் கடைக்காரர் மகன் வைகுண்டராஜன், காலேஜ் பையன். நான் எனக்க தம்பி சிலுவைமுத்துக்க கையப் புடிச்சுக் குதிக்கேன். அலை உடையுற இடத்துக்கு வந்துட்டாரு. அதத் தாண்டினா கரைதான். அங்க வந்து நின்னுட்டாரு மனுசன்!

எங்க கடப்புறத்துல ஒரு முறை உண்டு. கூடப் போன மரங்க திரும்புறப்ப, முந்தி வந்தவன் அலைக்கு வெளியே நிக்கணும். பின்னால வாறவனப் பாத்த பெறகுதான் ரெண்டு மரமும் கரை ஏறும். ஒருத்தன் மறிஞ்சா மத்தவன் தூக்கணும் இல்லியா. அப்பா செத்த அன்னைக்கு முந்திப் போனவன் திரும்பிப் பாக்கல. அதெல்லாம் சரி, அது மரத்துக்கு. போட்டியில எந்த மடையன் நிப்பான்? இவரு தண்ணிய மிதிச்சுக்கிட்டு, திரும்பி நின்னு, அந்தப் பையனுக்குக் கையக் காட்டுதாரு! அவன் இவர ஏறெடுத்தும் பாக்காம ஒரு அலையில ஏறிக் கரைக்கு வந்துட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புடிச்சேன்.

"உமக்கு மூளை உண்டுமா?"

"அலை பெருசா இருந்துது குளோரி. அவன் ஆத்துல நீந்துன பையன்."

"அவன் உம்மகிட்ட கேட்டானா?"

"கேக்கல. நின்ன பெறகுதான் இது போட்டின்னு ஞாபகம் வந்துது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. உப்புக் கப்பத் தூக்கி எறிஞ்சேன். அவரு உப்ப அள்ளிப் போட்டுட்டு, மறுநாள் விடிய மரத்தத் தள்ளிக்கிட்டுப் போனாரு. அதுக்குப் பெறகு நான் அவருகிட்ட முகம் குடுத்துப் பேசல.

ஆனி மாசம் கடல் கொந்தளிச்சுக் கெடந்த ஒரு நாள், இவருக்க மரமும் தம்பிக்க மரமும் சேந்து போச்சு. காத்து திரும்பினதும் நான் கரைக்கு ஓடினேன். அலைக்கு வெளியே இவருக்க மரம் மட்டும் தெரியுது. தம்பியக் காணல.

"நில்லும்! கரை ஏறாதியும்! தம்பி பின்னால வாறான், திரும்பிப் பாரும்!"

தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? ஆனா அவரு ஏற்கெனவே மரத்தத் திருப்பிட்டாரு. எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, கடலப் பாத்து நிக்காரு.

கொஞ்ச நேரத்துல தம்பிக்க மரம் வந்துது. அலையில ஏறினதும் மறிஞ்சும் போச்சு. இவரு குதிச்சாரு. தம்பிக்க தலமுடியப் புடிச்சு இழுத்து, ரெண்டு பேருமா மணல்ல வந்து விழுந்தாங்க. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துது.

இவரு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாரு, "ஏட்டி, கரையில நின்னு என்னவோ கத்துனியே, என்னது?"

"ஒண்ணுமில்ல. கஞ்சி ஆறுது, வாரும்."