கவிஷாவின் வலது கண்

விடியற்காலை ஐந்து மணிக்கே கிளாங் நகரச் சலவை ஆலையில் நீராவி மூச்சை அடைத்தது. மருத்துவமனைகளிலிருந்து லோரியில் வந்த மூட்டைகளை லோகேஸ்வரி பிரித்துக்கொண்டிருந்தாள். இரத்தம் உறைந்த விரிப்புகளில் ஊசி கிடக்கும்; கிழிந்த கையுறையோடுதான் துழாவ வேண்டும்.

எதிர்மேசையில் புனிதா. இருவரும் பேசி ஒரு மாதமாகிறது.

மகள் கவிஷாவின் இரண்டாவது பிறந்தநாளில் கைப்பேசியில் படம் எடுத்தவள் புனிதாதான். "லோகா, புள்ளையோட இடது கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுது. டாக்டர்கிட்ட காட்டு லா" என்றாள். பத்தே நாளில் கண்ணில் புற்றுநோய் என்று தெரிந்தது. புனிதாவின் கண்தான் பட்டுவிட்டது என்று லோகேஸ்வரி முடிவு கட்டினாள்.

டாக்டரையும் அவள் நம்பவில்லை.

"இடது கண்ணு முழுக்கக் கட்டிம்மா. பார்வை போயிருச்சு. எடுக்காம விட்டா நரம்பு வழியா மூளைக்கு ஏறிடும். வலதுல சின்னதாத்தான் இருக்கு. ஆறு மாசம், மூணு நாலு வாரத்துக்கு ஒருதடவ மருந்து ஏத்தி, லேசர் வச்சு அதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

"ரெண்டுக்கும் லேசர் வச்சா என்ன? ஏழப் புள்ளைன்னா கண்ண எடுத்துருவீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. ஸ்கேன் படத்தைத் திருப்பி, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று விரலால் காட்டினார். அப்படியும் அவள் தாதியைத் தனியே மடக்கிக் கேட்டாள். ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போய் இன்னொரு கண் டாக்டரிடமும் கேட்டாள். மூவரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் அறுவைக்குக் கையெழுத்துப் போட்டாள். அறுவை நாளைக் காலை.

லோகேஸ்வரி முன்பே லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். ஏழு மணிக்கு, எல்லாரும் 'போஸ்' என்று கூப்பிடும் மேனேஜர் விமலன் ஒரு தாளோடு வந்தான்.

"ஆறு மாசத்துக்கு அடிக்கடி லீவா? நெசமாவே கண்ணு நோவா? போன மாசம் ஒருத்தி இப்படிச் சொல்லிட்டு வேற ஃபேக்டரிக்குப் போயிட்டா. சரி, இதுல சைன் போடுங்க. நீங்களா வேலைய விட்டதா இருக்கும். புள்ளைக்கு நல்லானதும் நானே கூப்பிடுறேன்."

"கூப்பிடுவேன்னு இதுல எழுதியிருக்கா போஸ்?"

"என் வார்த்தை போதாதா?"

"அவ லீவு போடுற நாள்ல அவ வேலைய நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம் போஸ்" என்றாள் புனிதா. "பதினோரு பேரு பேரக் குடுத்துட்டாங்க."

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "என்னைக் கேக்காம எதுக்குப் பேரு எழுதுன?"

"நீ பேசுனாத்தானேடி கேக்க முடியும்?"

"யாரு வேலை செய்யணும்னு நான்தான் சொல்வேன்!" விமலன் கத்தினான். "இஷ்டமில்லாதவங்க எல்லாரும் போகலாம்!"

புனிதா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடுத்த மேசையிலும் ஒருத்தி கழற்றினாள், அதற்கடுத்தும். யாரோ பொத்தானை அழுத்த, பெரிய இயந்திரம் முனகி நின்றது. வெளியே லோரி ஹாரன் அடித்தது; ஒருவரும் அசையவில்லை.

"லேபர் ஆபீஸ் எட்டு மணிக்குத் தொறக்கும் போஸ். எல்லாருமா போறோம்" என்றாள் புனிதா.

விமலன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். யாரிடம் பேசுகிறானோ!

லோகேஸ்வரி புனிதாவின் அருகில் போய் நின்றாள்.

"உன்னை... தப்பா நெனச்சுட்டேன்."

"தெரியும். நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"எட்டு. நீயும் வா. டாக்டர் சொல்றத ரெண்டு பேரா கேப்போம்."

"வேலை இருந்தா முடிச்சுட்டு ஓடி வரேன்" என்றாள் புனிதா. "இல்லாட்டி, உனக்கு முந்தியே வந்து நிக்கிறேன்."