அண்ணன் நன்றாக இருந்த ஒரு மணி நேரம்

"அண்ணி, நான் வாலு பேசுறேன். வயசு இருபத்தஞ்சு ஆச்சு, இன்னும் அந்தப் பேர்தான். எங்க வீட்டு மாடிப்படியில உக்காந்து பேசுறேன், பேசப் பேசப் போனே எழுதிக்குது. அண்ணன் உள்ள இருக்காரு. நல்லா..."

‘நல்லா இருக்காரு’ என்று வழக்கம்போல வாயில் வந்துவிட்டது. வாலு போனை இறக்கி, அதுவரை எழுதியதை அழித்தான். காலையில் குடியைக் கெடுத்ததே அந்தச் சொல்தான்.

அண்ணன் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர். வெளிக்காயம் ஆறிவிட்டது. "உள்ள, மூளையோட முன்பக்கம் அடி," என்று வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். "பேச்சு நல்லாவே இருக்கும். ஆனா இப்ப நடந்தது மனசுல நிக்காது. ஒரு வேலையைத் தொடங்கினா முடிக்க வராது. சட்டுனு கோவம் வரும். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், தனக்கு ஒண்ணுமில்லன்னு அவரே நம்புவாரு. பொய் சொல்றாருன்னு நினைக்காதீங்க. அதுவும் அடியோட வேலைதான்."

வாலு ஓட்டல் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து மடிக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். கிளம்பும்போது கேஸ் அடுப்பைத் திருகும் குமிழ்களைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அண்ணன் தூங்கப்போய், திரைச்சீலை தீப்பிடித்த நாளிலிருந்து இப்படித்தான். குனிந்து விரிப்பை எடுக்கும்போதெல்லாம் குமிழ்கள் தொடையில் இடிக்கும். இடித்தால் நிம்மதி. ஆனால் அண்ணன் தெருவில் இறங்கிவிட்டால் அதற்குக் கழற்றி வைக்கக் குமிழ் ஏது? அவரைத் தேடி, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். "இன்னொரு தடவை ஓடினா அப்படியே ஓடிடு, திரும்பி வராத," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதனால்தான், மூளைக்காயம் பட்டவர்களுக்கான உதவி மையத்தில் போய்க் கெஞ்சினான். பகலில் அண்ணனோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளே மையத்தில் நடக்கும் பயிற்சிக்கும் கூட்டிப்போய் வருவாராம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள்.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எல்லோரும் என்ன செய்வோம்? வாலுவும் அதைத்தான் செய்தான். கருகிய திரைச்சீலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினான். அண்ணனுக்கு வழி தெரிவதற்காகக் குளியலறைக் கதவில் ஒட்டிய சிவப்பு நாடாவை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று உரித்தான். அண்ணனுக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டான். குமிழ்களையும் அடுப்பில் செருகினான். வந்தவரை ஒரு டீகூடக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா?

மையத்து அம்மா உள்ளே நுழைந்ததும் அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. இவன் என் தம்பி. பேரு வாலு. தலையில அடிபட்டது எனக்கு, கெடந்து ஆடுறது இந்த வாலு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். வாலுவும் சிரித்தான். பழைய அண்ணனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சிரிப்போடு சிரிப்பாகக் கொஞ்சம் பெருமையும் வந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது.

"அடுப்புல வேலை செய்வீங்களா?"

"இப்பவே டீ போடுறேன், குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

போட்டார். சிந்தவில்லை, அடுப்பை அணைக்க மறக்கவில்லை. கைப்பழக்கம். பக்கத்தில் ஆள் நிற்கும்வரை தவறாது.

"வெளிய தனியாப் போய் வருவீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நான் தரை போட்ட கட்டடம் ஊர் முழுக்க நிக்குது, எனக்கா வழி தெரியாது?"

"கோவம் வருமா?"

"கோவமா? எனக்கா? இவனையே கேளுங்க."

இருவரும் வாலுவைப் பார்த்தார்கள். முழுக்கைச் சட்டைக்குள், போன வாரம் அண்ணன் வீசிய தட்டு கிழித்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. சொல்லியிருக்கலாம். எதிரே அண்ணன், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்கு நிற்கும் பிள்ளையைப்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஊர் பேர் தெரியாத ஒரு அம்மாவின் முன்னால், அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

"இல்லீங்க," என்றான். "அண்ணன் நல்லா இருக்காரு."

முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போயிற்று.

"சந்தோஷம். அப்ப பகல்ல ஆள் தேவைப்படாது," என்று அந்த அம்மா எழுந்தார்.

வாலு படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினான். "அம்மா, ஒரு நிமிஷம். அவரு எப்பவும் இப்படி..."

"டேய் வாலு, அம்மாவுக்குப் படியில லைட்டைப் போடுடா, விழுந்து வைக்கப் போறாங்க!" பின்னால் கதவருகே அண்ணன் நின்றிருந்தார்.

அந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பாத்ததைத்தான் நான் சொல்ல முடியும், தம்பி. திரும்பப் பரிசீலிக்கணும்னா, அவரை நல்லாத் தெரிஞ்சவங்க எழுதி அனுப்பலாம். குடும்பத்துல இருக்கறவங்க சொல்றதுக்கு மதிப்பு உண்டு."

அவர் இறங்கிப்போனதும் வாலு வீட்டுக்குள் வந்தான். அடுப்பில் பாத்திரம் இருந்தது. தண்ணீர் இல்லை. அடி கருகிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"டீ போட வேணாமா? மையத்துலேர்ந்து யாரோ அம்மா வர்றாங்கன்னு சொன்னியே, எப்படா வர்றாங்க?" அண்ணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சட்டை நல்லாருக்கா?"

வாலு அடுப்பை அணைத்தான். "நல்லாருக்குண்ணே."

குமிழ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படிக்கு வந்தவன்தான், இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். மகளோடு ஊரிலிருக்கும் அண்ணி ஒவ்வொரு முறையும், ‘என்கிட்ட நல்லாத்தானே பேசுறாரு, நீதான் பெருசு பண்ற’ என்பார். அவரிடம் எங்கே தொடங்குவது? போனை மறுபடி வாயருகே கொண்டுபோனான்.

"அண்ணி, இன்னிக்கு நான் தப்புப் பண்ணிட்டேன். பகல்ல அண்ணனைப் பாத்துக்க உதவி மையத்துலேர்ந்து ஆள் கிடைக்கல. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு, அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போகணும். வேற வழி தெரியல. போன்ல அவரு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருப்பாரு. பாப்பா என்ன படிக்கிறான்னு மறந்திருப்பாரு. காரணமே இல்லாமக் கத்தியிருப்பாரு. நீங்க என்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க, நானும் உங்ககிட்ட சொல்லல. இதைப் படிக்கிறது நீங்களா இருந்தாலும் சரி, அம்மாவா, மாமாவா இருந்தாலும் சரி, அவர்கிட்ட பாத்ததை ஒண்ணு விடாம மையத்துக்கு எழுதி அனுப்புங்க. அண்ணனைப் பத்தி நல்லதா மட்டும் எதுவும் எழுதிடாதீங்க."