இன்னும் கண்டுபிடிக்கவில்லை

சங்கரன்கோவிலில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் அது கோமதிசங்கரின் கடை வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். காதுகுத்து, கல்யாணம், கவுன்சிலரின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஃப்ளெக்ஸ் போர்டு அடிப்பான். ஊரார் பெருமையை எல்லாம் பத்தடிக்கு எட்டடியில் அடித்துக் கொடுத்தவனுக்கு, சொந்தத் தங்கைக்கு ஒரு பெருமை வந்தபோது கை சும்மா இருக்குமா?

தங்கை ஜெயசித்ரா திருநெல்வேலியில் ஆராய்ச்சி மாணவி. புளியங்குடிப் பக்கம் ஓர் எலுமிச்சைத் தோப்பில் பட்டுப்போன மரத்தின் பட்டையிலிருந்து ஒரு பூஞ்சையை எடுத்துவந்து, இரண்டரை வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆடு மாடு வளர்ப்பார்கள், இவள் பூசணம் வளர்க்கிறாள் என்று வீட்டில் கேலி செய்தார்கள். அந்தப் பூசணத்திலிருந்து அவள் பிரித்தெடுத்த மஞ்சள் பொருள் ஒன்று, கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் புற்றுநோய் செல்களைக் கொன்றுவிட்டது. பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல செல்களை அது பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. வியாழக்கிழமை போனில் இதை அண்ணனிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு எதிரே போர்டு நின்றது.

‘தோல் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த எம் மண்ணின் மகள் முனைவர் ஜெயசித்ரா!’ முனைவர் பட்டம் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதெல்லாம் போர்டில் பார்க்கக் கூடாது. அவள் எப்போதோ அனுப்பியிருந்த பூஞ்சைப் படம் கழுவாத தட்டு மாதிரி இருந்ததால், கூகிளில் தேடி வெள்ளைவெளேரென்று ஒரு காளானைப் பக்கத்தில் போட்டான். கீழே கடை போன் நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கணவனும் மனைவியும் கடை தேடி வந்தார்கள். அவர் குருவிகுளத்துத் தங்கப்பழம், மானாவாரி விவசாயி. மனைவி இசக்கித்தாய். நொண்டிக்கொண்டே படியேறிய தங்கப்பழம், போர்டில் போட்ட மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கோமதிசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. உட்காரவைத்து டீ சொன்னான். தங்கை இன்றைக்கு ஊருக்கு வருகிறாள், அவளிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றான்.

டீக்கு முன்னால் ஜெயசித்ரா வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது அந்தப் போர்டுதான். வந்த வேகத்துக்கு அண்ணனை ஒரு வழி பண்ணியிருப்பாள். அதற்குள் தங்கப்பழம் எழுந்து கும்பிட்டுவிட்டு, குதிகாலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு புண். அதன் மேல், கடையில் பாக்கெட்டில் விற்கிற காளானை வட்டமாக நறுக்கி வைத்துக் கட்டியிருந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடுவதும் அதுதான் என்றார். கோமதிசங்கர் தான் போர்டில் போட்ட காளான் படத்தை நினைத்துக்கொண்டான்.

இசக்கித்தாய் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். சதையை எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய்தான் என்று உறுதி செய்திருந்தார்கள். இன்னும் பரவவில்லை. சுற்றி வெட்டி எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்துத் தைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். உளுந்து அறுப்பு நேரத்தில் காலை வெட்டிக்கொண்டு படுப்பதா என்று ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் போர்டு நல்ல சாக்காகிவிட்டது. ஆபரேஷனே வேண்டாம் என்று இரண்டு நாளாக ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

ஜெயசித்ரா தரையில் உட்கார்ந்தாள். அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஒட்டியிருந்த காளானை எடுத்துப் போட்டு, தண்ணீரால் துடைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“அண்ணாச்சி, நான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கல. தட்டுல வளத்த செல்லு செத்துருக்கு, அவ்வளவுதான். மனுச உடம்புல அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. இனிமேதான் எலிக்கே குடுத்துப் பாக்கணும்.”

“அப்பம் எலிக்கு முன்னாடி எனக்குக் குடு தாயி.”

“மாட்டேன் அண்ணாச்சி. ஆபரேஷன் என்ன செய்யும்னு தெரியும். இது என்ன செய்யும்னு தெரியாது. தெரியாதத உங்க மேல நான் தடவ மாட்டேன்.”

கோமதிசங்கர் எட்டு வருஷமாகப் போர்டு அடிக்கிறான். செய்யாததைச் செய்ததாகப் போடச் சொல்கிறவர்கள்தான் தினமும் அவன் கடைக்கு வருவார்கள். ராப்பகலாக உழைத்து ஒன்றைச் செய்துவிட்டு, செய்தது இவ்வளவுதான் என்று இத்தனை சாதாரணமாகச் சொல்கிற ஆளை அவன் பார்த்ததே இல்லை. அதுவும் அவன் கூடப்பிறந்தவள். அவளை அவன் போர்டில் பெரிதாக்கப் பார்த்தது எவ்வளவு அசட்டுத்தனம்!

ஆனால் தங்கப்பழம் மசியவில்லை. இத்தனை பெரிய எழுத்தில் நடு ஊரில் பொய்யா எழுதுவார்கள் என்றார். பெரிய கம்பெனிக்காரன் எவனோ வந்து, ஏழை பாழைகளுக்குக் கொடுக்காதே என்று சொல்லியிருப்பான் என்றார். கோமதிசங்கர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் கண் முன்னாலேயே போர்டை இறக்கினான். அதற்கும், பார்த்தீர்களா, மறைக்கிறார்கள் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் குருவிகுளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இசக்கித்தாய் மட்டும் திரும்பிவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“தம்பி, அவுகளுக்கு வாய்ப்பேச்சு ஏறாது. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாவ.”

ஜெயசித்ரா அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அதே பத்துக்கு எட்டு, அதே தங்கை படம். போர்டு வைக்கிறவர்கள் கீழே வரிசையாகச் சிரிக்கிற இடத்தில் தன் படம் ஒன்றை மட்டும் வைத்தான். எழுத்துகளை அடிக்கும்போது விரல் கூசத்தான் செய்தது.

திங்கள்கிழமை விடிந்ததும் அண்ணனும் தங்கையுமாகப் போய், குருவிகுளத்தில் தங்கப்பழம் வீட்டுக்கு எதிரே அதைக் கட்டினார்கள். அவர் காலை ஊன்றாமல் வாசலில் நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

‘என் தங்கை ஜெயசித்ரா தோல் புற்றுநோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறாள். அதுவரை டாக்டர் சொன்ன தேதியில் ஆபரேஷனுக்குப் போகவும். கடைக் காளான் குழம்புக்கு மட்டும். முந்தைய போர்டில் பொய் எழுதியவன் கோமதிசங்கர்.’

கூடிவிட்ட தெரு சிரித்தது. தங்கப்பழம் சிரிக்கவில்லை. போர்டில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நான் பொய் சொன்னேன்னு எவனும் போர்டு வச்சு நான் பாத்ததில்ல. அப்பம் இதுதான் நெசம்” என்றார். உள்ளே திரும்பி, இசக்கித்தாயிடம் துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஜெயசித்ரா ஒரு தாளோடு அவர் கட்டில் பக்கம் போனாள். வெட்டி எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை வாங்கி, அதில் தன் மஞ்சள் பொருளைப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. நோயாளி சம்மதித்தால் போதும். இதனால் உங்களுக்கு ஒரு பலனும் கிடையாது, வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை என்று அவள் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள். அவர் தாளை வாங்கி, கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“எலிக்கு முன்னாடி எனக்குக் குடுன்னு கேட்டேம்லா தாயி? இப்பம் என்னைய விட்டுரு, வெட்டி எடுக்கற அந்தத் துண்டுக்கு மட்டும் குடு.”