டெஸ்மண்டின் கோப்பை

“தம்பிக்கு ஊரில எவடம்?”

அப்பா கிருஷ்ணராசா றஜீவனிடம் இதைக் கேட்டதும் குமுதினி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். லண்டனுக்கு வந்து எத்தனை வருசமானாலும் நம்மவர்கள் சாதியை இப்படித்தான் விசாரிப்பார்கள். கேட்பவருக்கு வாய் கூசாது.

றஜீவன் ஒளிக்கவில்லை. ஊரைச் சொன்னான். “அப்பப்பா செத்தவீட்டுக்குப் பறை அடிக்கிறவர். அவரின்ர கைதான் எனக்கும்.”

அவன் ட்ரம்ஸ் வாசிப்பவன். அப்பாவின் இசைத்தட்டுக் கம்பெனி ‘நாற்சந்தி றெக்கோட்ஸ்’ அடுத்து வெளியிடப்போவது அவனுடைய இசைத்தட்டைத்தான். அவனைத்தான் கட்டப்போகிறேன் என்று, இன்றைய பேட்டி முடிந்ததும் அப்பாவிடம் சொல்ல இருந்தாள் குமுதினி.

கம்பெனியின் வரலாற்றைப் பதிய வானொலிக்காரி ஒருத்தி வந்திருந்தாள். எழுபதுகளில் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், இதே வீட்டு முன்னறையில், சத்தம் வெளியே போகாமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டி அப்பா தொடங்கியது அது. ஜாஸும் றிதம் அண்ட் புளூஸும் வாசித்த கறுப்பினத்தவர்களைப் பலர் வாசலோடு திருப்பிய காலம். அப்பா உள்ளே கூப்பிட்டுத் தன் கோப்பையிலேயே தேத்தண்ணி கொடுத்தார். ட்ரம்பெட் வாசித்த டெஸ்மண்ட் குடித்த நீலக்கரைக் கோப்பை, அவர் செத்தபிறகு கண்ணாடி அலுமாரிக்குள் ஏறிவிட்டது. வருபவர்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுவார்.

இப்போது அவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார்.

“அந்தப் பெடியனுக்குப் பேப்பர் கப்பில ஊத்து.”

“ஏனப்பா?”

“றெக்கோட் போடுவம், அதில ஒரு குறையும் வைக்கமாட்டன். வீட்டுக் கோப்பை வேற கதை.”

ஊருக்குத்தான் உபதேசம். டெஸ்மண்டின் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் குமுதினிக்கு இன்னும் வலித்தது.

அலுமாரியைத் திறந்தாள். நீலக்கரைக் கோப்பையைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றி, றஜீவன் கையில் கொடுத்தாள். பேப்பர் கப்பில் ஊற்றியதை, திரும்பி வந்து உட்கார்ந்த அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

வானொலிக்காரிக்கு முகம் மலர்ந்தது. இந்த வீட்டுப் பழக்கம் இன்றுவரை மாறவில்லையே என்று ஆங்கிலத்தில் வியந்தாள். யாரும் உள்ளே விடாதவர்களுக்குக் கோப்பை கொடுத்த கதையை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினாள்.

“சொல்லுங்கோ அப்பா,” என்றாள் குமுதினி. “பிறகு நானும் ஒண்டு சொல்லோணும்.”

கிருஷ்ணராசா குடிக்கத் தன் கோப்பையைத் தேடினார். முன்னால் இருந்தது பேப்பர் கப் மட்டும்தான். அதை எடுத்துக் குடித்தார்.